நங்கூரத்தின் இடது கை

ஜனவரி 8

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம். எம்.ஏ. முடிந்தது. ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதுவரை என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் சும்மா இருக்கிறேன் என்கிறேன். சும்மா இருப்பவர்களைச் சங்குமுனை மன்னிப்பதில்லை.

இன்று கோவில் கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. அப்பாதான் தலைவர். சிலுவைக் கோபுரத்தோடு நிற்கும் எங்கள் கோவிலுக்கு இது நூறாவது ஆண்டு. வருடா வருடம் போடும் விழா மலரை இந்தமுறை பெரிதாகப் போடுகிறார்கள். அட்டைக்கு ஊர் மொத்தமும் கடற்கரையில் நங்கூர வடிவத்தில் நிற்க வேண்டும், அதை மேலிருந்து படம் எடுக்க வேண்டும். செயலாளர் கஸ்பார் வாத்தியாரின் கனவு. ட்ரோனுக்கு அனுமதி கேட்டு அலைந்திருக்கிறார். கடலோரம் என்பதால் கிடைக்கவில்லை. முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டு தேநீர் கொடுத்திருக்கலாம்.

"பட்டத்துல கேமரா கட்டி எடுக்கலாம் சார்" என்றேன்.

"பட்டத்துலயா? கீழ விழுந்தா?"

"விழுந்தா மணல்தான சார்."

"மணல்ல நான்லா நிப்பேன். என் தலையில விழுந்தா?"

அப்பா வலைக்கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உம்ம தலையில விழுந்தா கேமராவுக்குத்தாம்வே சேதம்."

தீர்மானம் நிறைவேறியது.


ஜனவரி 10

குடைத்துணி. மூங்கில் குச்சி. முக்கோணப் பட்டம். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து ஓரம் மடித்துத் தந்தாள். வால் வேண்டும் என்றேன், இல்லையென்றால் சுழன்றுவிடும். அம்மா பெட்டியின் அடியைத் துழாவி ஒரு மஞ்சள் தாவணியை எடுத்து, நீளவாக்கில் கிழித்துத் தந்தாள்.

அந்தத் தாவணியில் மெல்டா சைக்கிள் ஓட்டப் பழகினாள்.

பட்டம் வாங்கியவள் பட்டம் விடுகிறாள் என்ற நகைச்சுவையை இன்று மட்டும் பலர் சொந்தமாகக் கண்டுபிடித்தார்கள். அது இத்தோடு இந்தக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.


ஜனவரி 11

ஐஸ் வாங்கப் போனேன்.

மீனுக்கு ஐஸ் அப்பாவே கரையில் வாங்கிக்கொள்கிறார். வீட்டில் குளிர்பெட்டியும் இருக்கிறது. இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஐஸ் தேவைப்படுகிறது. வாரத்தில் இரண்டு முறை, நீலநிறப் பெட்டியில். பெட்டி போகும்போது கனமாக இருக்கிறது, வரும்போது லேசாக. இயற்பியல் எனக்குப் பாடமில்லை.


ஜனவரி 12

நேற்று எழுதியதைப் படித்தேன். இந்த நோட்டை நானே படித்தாலும் புரிய வேண்டும் அல்லவா.

மெல்டா என் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன் ஐஸ் கம்பெனி மெக்கானிக் சுயம்புலிங்கத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் தேரிக்காட்டுப் பக்கம், நம் கோவில் இல்லை, வேறு சாமி. இருவரும் கம்பெனி மாடியிலேயே குடியிருக்கிறார்கள். ஊரின் தென்மேற்கு மூலை, நடந்தால் பத்து நிமிடம். அப்பா அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அந்தத் தெருவில் நடப்பதில்லை. அவர் முன்னால் ஊரில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

இதற்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.


ஜனவரி 14

முதல் சோதனை.

ஒரு சிக்கல். கொண்டல் காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து அடிக்கிறது. கரையில் நின்று விட்டால் பட்டம் கோவிலைத் தாண்டி உள்ளே போய்விடும். பட்டம் கரைக்கு மேலே நிற்க வேண்டுமென்றால் நூல் கடலிலிருந்து வர வேண்டும். ஆகவே வள்ளம். ஆகவே மாமா மகன் பிரிட்டோ, வள்ளம் அவனுடையது. நூலுக்குத் தூண்டில் போடும் தங்கூசி.

நூலின் நடுவே இரண்டு குச்சியைச் சிலுவையாகக் கட்டி, அதிலிருந்து சோப்பு டப்பா தொங்கும். டப்பாவுக்குள் போன். சில நொடிக்கு ஒரு படம் தானாக எடுத்துக்கொள்ளும். இன்று முதல் தடவை என்பதால் போனுக்குப் பதில் அதே கனத்தில் ஓர் உருளைக்கிழங்கு.

பட்டம் ஏறியது. அழகாக ஏறியது. குடைத்துணியின் கறுப்பு, மஞ்சள் வால், வானம். ஒரு காற்று வந்து இழுத்தது. பிரிட்டோ கத்தினான்: "கடிச்சிருச்சி!"

கை கையாக வலித்து இழுத்தான்.

"பிரிட்டோ, விடு! இது மீனில்ல!"

"கைக்குத் தெரியலயே!"

பட்டம் தலைகீழாகத் திரும்பி நேராகக் கடலில் இறங்கியது. உருளைக்கிழங்கை மீட்டோம். மதியம் குழம்பில் இருந்தது. வானத்துக்குப் போய்வந்த ருசி எதுவும் இல்லை.


ஜனவரி 15

பொங்கலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து கரும்பு வந்தது. பட்டம் கொடியில் காய்கிறது. அப்பா அதைச் சுற்றி நடந்தார். வாலைப் பிடித்துப் பார்த்தார். விரலுக்கிடையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"நூல நாளைக்கழிச்சு நான் புடிக்கேன்" என்றார்.


ஜனவரி 16

ஐஸ் வாங்கப் போனேன். நாளைச் சாயங்காலம் பறக்கவிடுகிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். யாரிடம் என்பது முக்கியமில்லை.


ஜனவரி 17

டப்பாவில் என் போன். வள்ளத்தில் அப்பா, பிரிட்டோ, நான்.

"தள்ளுலே" என்று பிரிட்டோவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அப்பா நூலை வாங்கிக்கொண்டார். கரையில் ஒத்திகைக்குக் கொஞ்சம் பேர். கஸ்பார் வாத்தியார் வெள்ளைக் குடையோடு நின்றார், தலைக்குப் பாதுகாப்பு.

பட்டம் கரைக்கு மேலே போய் நின்றது. அப்புறம் பலமாக ஒரு காற்று. நூல் அப்பா கையில் விறைத்தது. அப்பா இழுக்கவில்லை. விட்டார். விரலிடுக்கில் தங்கூசி சீறிக்கொண்டு ஓடியது.

"அப்பா, பிடிங்க!"

"இழுக்கும்போது புடிச்சா அறுத்துக்கிட்டுப் போயிரும். ஓடட்டும். களைச்சதும் வரும்."

"அது நெய்மீனுப்பா. இது பட்டம். களைக்காது."

களைக்கவில்லை. கரையைத் தாண்டி, கோவில் கோபுரத்தைத் தாண்டி, ஓட்டு வீடுகளுக்கு மேலே தென்மேற்கே போய்க்கொண்டே இருந்தது. பிரிட்டோ சந்தோஷமாகச் சொன்னான்: "நான் இழுத்துக் கெடுத்தேன். மாமா விட்டுக் கெடுத்தாவ. நம்ம குடும்பத்துக்கு ரெண்டுதான் தெரியும்."

காற்று தணிந்ததும் சுற்றி எடுத்தோம். போன் பிழைத்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் படங்களை லேப்டாப்பில் போட்டேன். அப்பா பின்னால் வந்து நின்றார். மேலிருந்து ஊர் இப்படி இருக்கும் என்று நினைத்ததே இல்லை. வள்ளங்கள் வெள்ளரி விதைபோல். மனிதர்கள் வெறும் புள்ளி. நிற்பவர்கள் எல்லாம் ஒரு தலை மட்டும்தான். யார் குட்டை, யார் நெட்டை, யார் தலைவர், ஒன்றும் தெரியாது.

அடுத்த படம், அடுத்த படம். கோபுரச் சிலுவை. தகரக் கூரை. ஒரு மொட்டைமாடி. அதில் பாய். பாயில் ஒரு பெண் மல்லாந்து படுத்து, நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல். வயிறு மேடாக இருந்தது.

மேலிருந்து பார்த்தால் படுத்திருப்பவர் மட்டும்தான் முழு ஆள்.

"பெருசாக்கு" என்றார் அப்பா.

ஆக்கினேன்.

"இன்னும்."

"இதுக்கு மேல கட்டம் கட்டமா உடையும்ப்பா."

"ஆக்கு."

கட்டம் கட்டமாக உடைந்தது. அவர் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து யாரும் கேட்காமலே அம்மா சொன்னாள்: "ஏழு மாசம்."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார்.

அவருக்கு இதற்கு முன் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததுபோல் இருப்பதில் எங்கள் வீட்டில் எல்லோரும் முதல் வகுப்பு.


ஜனவரி 18

அப்பா கோபமாக இருப்பதாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே பின்னி முடித்த வலையை மறுபடி பின்னிக்கொண்டிருந்தார்.


ஜனவரி 21

கஸ்பார் வாத்தியார் கடற்கரையில் சுண்ணாம்புத்தூளால் நங்கூரம் போட்டுப் பார்த்தார். வளையம் கோவிலைப் பார்த்து, இரண்டு கையும் கடலைப் பார்த்து. ஆண்களுக்கு வெள்ளை, பெண்களுக்கு நீலம். ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க அறிவித்தாகிவிட்டது.

எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. கோவில் வரி கட்டும் தலைக்கட்டுக்குத்தான் சப்பரம் தூக்க, கொடிமரம் தொட, இப்போது நங்கூரத்தில் நிற்க இடம். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் வாத்தியார் ஒரு குச்சி நட்டார். தன் வீட்டை இடது கையின் நுனியில் வைத்துக்கொண்டார், அதுதான் நங்கூரத்தின் அழகான இடமாம்.

சுயம்பு அத்தான் வரி கட்டப் போனபோது தலைவரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். தலைவர் அன்று கடலுக்குப் போயிருந்தார். மறு வருடமும் கடலுக்குப் போயிருந்தார்.

"ஐஸ் கம்பெனி வீட்டுக்குக் குச்சி எங்க சார்?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான். காற்று எந்தப் பக்கம் என்று கேட்பதுபோல்.

வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா காற்றைப் பார்த்தார்.

"அது கமிட்டி முடிவு" என்றார் அப்பா.

"கமிட்டின்னா நீருதானவே?" என்றார் வாத்தியார் மெதுவாக.

அப்பா வள்ளத்தின் பக்கம் நடந்துவிட்டார். சுண்ணாம்பின் மேலேயே மிதித்துக்கொண்டு போனார். நங்கூரத்தில் அவருடைய கால்தடம்.


ஜனவரி 24

ஐஸ் வாங்கப் போனேன். நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மெல்டா மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, குழம்புச் சட்டியை முகர்ந்தாள். "அம்மா ஒறப்பக் கொறச்சிட்டா. எனக்கா, வயித்துல இருக்குறதுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்."

"ஏட்டி, அந்தப் பட்டத்து வாலு என் தாவணிதான?"

"பறக்கணும்னா கீழ கொஞ்சம் கனம் வேணும்."

"நான் கனமா ஒனக்கு?" என்று ஈரக்கையால் என் முதுகில் ஓர் அடி. கீழே ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும்தான் கேட்டாள்.

"படத்தப் பாத்தாரா?"

"பெருசாக்கச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"இன்னும் பெருசாக்கச் சொன்னாரு."

அவள் சிரித்தாள். கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு வந்து கூட்டத்தோட நில்லேன்" என்றேன். "நீலம் கட்டிட்டு வந்தா யாரு என்ன சொல்லப் போறா?"

"நான் திருட்டுத்தனமா போயி நிக்கமாட்டேன்டி. அவரு கூப்பிடணும். பிள்ளை பொறக்குறதுக்கு முன்னால கூப்பிடணும். பொறந்தப்புறம் வந்தாருன்னா பிள்ளைக்காக வந்தாருன்னு ஆயிரும். எனக்காக வரணும்."

"கூப்பிடலன்னா?"

"மாடியிலயே கெடக்கேன். டாக்டரம்மாவும் படுத்தே இருக்கணும்னுதான் சொல்லுதாவ."

சுயம்பு அத்தான் கீழேயிருந்து பெரிய ஐஸ்பாளத்தை எனக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார். இவ்வளவு வேண்டாம் என்றேன். "வெறும் பெட்டியோட போனா நல்லாவா இருக்கும்" என்றார். அவருக்கும் எங்கள் வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது.


ஜனவரி 27

ஆய்வுப் படிப்பு: காத்திருப்போர் பட்டியல்.

அந்தப் பட்டியலுக்கு எங்கள் ஊரில் ஒரு கிளையே திறக்கலாம்.


ஜனவரி 31

காற்று இல்லை. இலைகூட அசையவில்லை. கஸ்பார் வாத்தியார் நான்தான் காற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதுபோல் பார்க்கிறார்.


பிப்ரவரி 1

மதியத்துக்கு மேல் கொஞ்சம் கொண்டல். நாளை படம். கேமரா நேர்க்கீழே பார்க்கும்படிக் கட்டியிருந்த டப்பாவை அவிழ்த்து, சற்றே ஊர்ப்பக்கம் சாய்த்துக் கட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.


பிப்ரவரி 2

திருநாள் பூசை முடிந்ததும் ஊர் கரைக்கு வந்தது. வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம். கைக்குழந்தைகள்கூட நீலத்தில். வாத்தியார் ஒலிபெருக்கியில் கதறுவது வள்ளம்வரை கேட்டது.

"வலது கை ஏன் தொங்குது? நிமிருங்க! பவுலின், ஒன் பிள்ளை நங்கூரத்துக்கு வெளிய ஓடுது! மேல பாருங்க! சிரிங்க! இவ்வளவு தூரத்துல தெரியாது, இருந்தாலும் சிரிங்க!"

அம்மாவும் நிற்கிறாள், வளையத்தில். அப்பாவின் இடமும் என் இடமும் அங்கே காலி. நாங்கள் கடலில் இருக்கிறோம்.

மிதமான காற்று. பட்டம் ஏறி, கரைக்கு மேலே போய், சொன்னபடி கேட்கும் பிள்ளையாக நின்றது. நூல் அப்பாவின் ஆள்காட்டி விரல்மேல். வேண்டிய படங்கள் விழுந்திருக்கும் என்று தோன்றியதும் சொன்னேன்: "போதும்ப்பா. இறக்கிரலாம்."

அப்பா இறக்கவில்லை.

கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கரையைத் தாண்டிப் பார்த்தார். இங்கிருந்து ஐஸ் கம்பெனி தெரியாது, கோவில் மறைக்கும். அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நூலை விட ஆரம்பித்தார். ஒரு முழம். இன்னொரு முழம்.

"மாமா, இழுக்கவே இல்லையே" என்றான் பிரிட்டோ. "எதுக்கு விடுதீய?"

"இழுக்குதுலே."

"எங்க? தொய்ஞ்சில்லா கெடக்கு."

"நூலப் புடிச்சிருக்கது யாரு? நீயா, நானா?"

நான் நூலை விரலால் தொட்டுப் பார்த்தேன். இழுக்கவில்லை. பிற்பாடு யாரும் வேறு மாதிரி சொல்லக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். இழுக்கவில்லை.

பட்டம் கொஞ்சம் தாழ்ந்து, நகர்ந்து, கோபுரத்தின் பின்னால் போனது. மஞ்சள் வால் கடைசியாகத் தெரிந்தது. நூல் முழுவதும் ஓடி, சுற்றுக்கட்டையின் மரம் தெரிந்தது. அப்பா கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையில் வாத்தியாரின் குரல்: "எங்கவே போவுது? எங்கவே போவுது?"


பிப்ரவரி 3

படம் தேர்ந்தெடுக்கக் கஸ்பார் வாத்தியார் வந்தார். நல்ல நங்கூரம் பல படங்களில் விழுந்திருந்தது. ஒன்றில் எல்லாம் கச்சிதம், பவுலின் பிள்ளைகூட உள்ளே.

"இது! இதுதாம்மா அட்டை!" வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கை தவறி அடுத்ததை அழுத்தினேன். அதற்கடுத்ததையும். கடைசிப் படம்வரை கை தவறிக்கொண்டே இருந்தது.

கடைசிப் படத்தில் நங்கூரம் மேல் மூலைக்குப் போயிருந்தது. இடது கை படத்துக்கு வெளியே. கீழ் மூலையில் ஐஸ் கம்பெனி மாடி. பாய். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தார்கள். அவள் நீலச் சேலையில். அவர் வெள்ளைச் சட்டையில்.

கமிட்டி சொன்ன நிறம். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும்.

நான் அழுத்துவதை நிறுத்தினேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதப் போடும்" என்றார்.

"இதயா? இடது கைய காணோம்வே! இடது கையில நான்லா நிக்கேன்! என் வீட்டுக்காரி நிக்கா!"

"நீரு எல்லா வருசமும் மலர்ல வாறவருதான."

"ஒரு கை இல்லாம அது என்ன நங்கூரம்? தூண்டில்முள்ளு மாதிரில்லா இருக்கு."

உண்மைதான். அப்படித்தான் இருந்தது.

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "முள்ளும் நம்மதுதான்."

"ஒரு கை நெறைய தலைக்கட்டு கொறையுது. நாளைக்கு ஊரு என்னைத்தான் கேக்கும்."

"ஒரு தலைக்கட்டு கூடுது. அதுக்கு என்னைக் கேக்கட்டும்."

வாத்தியார் அப்போதுதான் கீழ் மூலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர்தான் மெல்டாவுக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"ரெண்டு பேருல்லா தெரியுது" என்றார், குரல் இறங்கி.

"ரெண்டரை" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

பேரம் நடந்தது. முன்னட்டை வாத்தியாருக்கு, பின்னட்டை அப்பாவுக்கு. பின்னட்டையில் எப்போதும் வரும் நகைக்கடை விளம்பரம் உள்ளே போகிறது. கடைக்காரரிடம் பேசுவது வாத்தியார் பொறுப்பு. போகும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "அந்தக் கடைசிப் படத்துல கேமரா கொஞ்சம் சாய்ஞ்சாப்பல இருந்துச்சே, காத்தாம்மா?"

"காத்துதான் சார்."


பிப்ரவரி 4

பட்டத்தை மடித்துப் பரணில் வைத்தேன். வாலை அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டேன். ஏழெட்டு இடத்தில் முடிச்சு. உப்பு.

ஐஸ் வாங்கப் போகும் நாள். அம்மா பெட்டியை மூடி வாசலில் வைத்திருந்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நேற்று முன்தினம் போட்ட அதே சட்டை.

"நீ இரு ஏளா. ஐஸ் நான் வாங்கிட்டு வாரேன்."

பெட்டியைத் தூக்கினார். ஐஸ் வாங்கப் போகிற காலிப் பெட்டி இவ்வளவு கனமா என்று அவர் கேட்கவில்லை. படியிறங்கும்போது அம்மா சொன்னாள், யாருக்கோ சொல்வதுபோல்:

"சட்டியில மூணு பேருக்குக் காணும்."

காலையிலேயே மூன்று பேருக்குத்தான் வைத்திருக்கிறாள்.

அவர் தெருமுனையில் நின்றார். கொடியிலிருந்த மஞ்சள் வாலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தென்மேற்கே திரும்பினார்.


பிப்ரவரி 4, விளக்கு வைத்தபின்

நடந்தால் பத்து நிமிடம்.

ஐஸ் இன்னும் வரவில்லை.